சேந்தன் அமுதன் எப்போது அரசனானான்?

கதைப்பின்னல் என்று வெண்பலகையில் எழுதியதும் நம்மில் பலருக்குக் கை தானாகவே ஒரு மலையை வரையப் போய்விடும். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் வளர்ச்சி, உச்சியில் சிக்கல், இறக்கத்தில் சிக்கல் அவிழ்ப்பு, கடைசியில் முடிவு. ஐ-திங்க் வந்த பிறகு மலை போய் நிரலொழுங்கு வரைபடம் வந்தது. பெட்டிகளும் அம்புக்குறிகளும். படித்து முடித்த நாவலைத் தொகுத்துப் பார்க்க மாணவர்களுக்கு இது நல்ல கருவிதான்; அதில் எனக்குச் சண்டை இல்லை. நாவல் எழுத ஆசைப்பட்டு வரும் பிள்ளையிடமும் அதே பெட்டிகளை நீட்டி, "முதல்ல இதை நிரப்பு, அப்புறம் எழுதலாம்" என்கிறோமே, அங்கேதான் எனக்குக் கேள்வி எழுகிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி உண்டு. "கல்கி வாராவாரம் எழுதிக் கொடுத்தார். அவர் என்ன பெட்டி போட்டா எழுதினார்? எழுத எழுதக் கதை வரும்" என்பது ஒரு கட்சி. "ஐந்து பாகம், அத்தனை பாத்திரம், அத்தனை முடிச்சு. எல்லாத்தையும் முன்கூட்டியே போட்டு வைக்காம நடக்குமா?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒரே நூல்தான், பொன்னியின் செல்வன். ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர் யாரும் இல்லை. ஆசிரியர் எப்படி எழுதினார் என்பதைப் பற்றிய செவிவழிக் கதைகளை ஒதுக்கிவிட்டு, நூலுக்குள்ளேயே திட்டத்தின் தடயம் எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பார்க்கலாம்.

கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை ஓடிய தொடர் அது. வாசகர்களுக்கு மூன்றரை ஆண்டு. கதைக்குள்ளே கடக்கும் காலமோ ஓர் ஆண்டுகூட இல்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அதிலிருந்து எண்ணிச் சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆற்றில் புது வெள்ளம், பிறகு கடலில் சுழற்காற்று, பிறகு நாகப்பட்டினத்தில் பொங்கி எழும் கடல் என்று தண்ணீரே கதையின் நாட்காட்டியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நேரம் குறுகியது, பருவம் தெரிந்தது. இதுவும் ஒரு திட்டம்தான். நம் பெட்டிகளில் இதை எழுத இடம் கிடையாது.

ஆனால் என்னுடைய முக்கியமான சாட்சி சேந்தன் அமுதன்.

முதல் பாகத்தில் வந்தியத்தேவன் தஞ்சாவூருக்கு வந்து சேரும்போது, தங்க இடம் கொடுப்பவன் இவன். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவன், பக்திப் பாட்டுப் பாடுபவன், வீரதீரம் எதுவும் இல்லாதவன். வீட்டில் வாய் பேச முடியாத தாய். முதல் முறை படிக்கும்போது இவனை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதாநாயகன் களைப்பாறிவிட்டுப் போக ஒரு திண்ணை வேண்டும், அதற்காக வந்த ஆள் என்று தாண்டிப் போய்விடுவோம். ஐந்தாம் பாகத்தில்தான், இந்தப் பூக்காரப் பிள்ளை செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான மகன், சோழ அரியணையில் உத்தம சோழராக அமரப் போகிறவன் என்று தெரிகிறது. அரண்மனையில் மதுராந்தகர் என்று வளர்ந்தவர் வேறொருத்தியின் பிள்ளை.

இதில் ஒரு நுட்பத்தைப் பாருங்கள். குழந்தை மாறிய இரகசியத்தை நேரடியாக அறிந்த பெண்களில் இருவர், அமுதனை வளர்த்த வாணியும் அவள் சகோதரி மந்தாகினியும். இருவருமே வாய் பேச முடியாதவர்கள். ஒருத்திக்குப் பேச்சு இருந்திருந்தால் நாவல் முதல் பாகத்திலேயே முடிந்திருக்கும். அது குடும்பத்தில் ஓடும் ஒன்று என்பதுபோல் கல்கி காட்டிவிடுவதால் நமக்குச் சந்தேகமும் வருவதில்லை. பாவம், பரம்பரைக் குறை என்று நினைத்துக்கொள்கிறோம். கதைக்கு அது பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியவே பல பாகங்கள் ஆகின்றன.

முதல் வாரத்து அத்தியாயத்தை எழுதும்போதே அமுதன் அரசனாவான் என்று கல்கி முடிவெடுத்திருந்தாரா என்பதை நூலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் பாகத்திலேயே அமுதனும் அந்தத் தாயும் அந்த வீடும் வைத்த இடத்தில் வைக்கப்பட்டுவிட்டன. அதற்கும் முடிசூட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள். அவற்றில் எந்த வாரம் யார் குதிரை ஏறுவார், யார் படகு ஏறுவார் என்பதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். அமுதன் மட்டும் அந்தத் திண்ணையில் இருந்தே ஆக வேண்டும்.

இந்த இடமாற்றத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இப்போது நம்மிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் (2022, 2023) நம் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். படத்தில் குழந்தை மாறவில்லை. அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகரே கடைசியில் முடிசூடுகிறார். இரண்டு படங்களுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆசைப்பட்டுச் சதி செய்தவரிடமே அருள்மொழி கிரீடத்தைத் தருவது பெருந்தன்மையாகத் தெரியலாம், கூடவே, "ஏன் இப்படி?" என்ற நெருடலும் வருகிறது. என் வகுப்பில் ஒரு பையன், "அவருக்குத்தான் கொடுக்கப் போறாருன்னா எதுக்கு டீச்சர் இவ்ளோ சண்டை?" என்று கேட்டான். சரியான திறனாய்வுக் கேள்வி.

கல்கிக்கும் அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். வரலாறு அவர் கையில் கொடுத்தது கதையை இல்லை, ஒரு புதிரைத்தான். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். அதில் தொடர்புடையவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அடுத்து அரியணை ஏறியது அருள்மொழி அல்லர், உத்தம சோழர். குடிகள் கேட்டும் அருள்மொழி அரசை ஏற்கவில்லை, சிற்றப்பன் ஆசைப்படும்வரை தனக்கு வேண்டாம் என்றிருந்தார் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. 985-இல்தான் அவர் இராசராசராகப் பட்டத்துக்கு வருகிறார். ஒரு வீரன் கைக்கு வந்த அரசை ஏன் விட்டுக்கொடுத்தான்? உத்தம சோழர் சூழ்ச்சிக்காரர் என்றால் விட்டுக்கொடுத்தவன் ஏமாளியாகிவிடுவான். நல்லவர் என்றால் முந்தைய நான்கு பாகத்துச் சதியும் வேலைக்காகாது. கல்கி ஓர் ஆளை இரண்டாகப் பிளந்தார். ஆசையை ஒரு மதுராந்தகரிடம் கொடுத்தார், அரியணையை இன்னொரு மதுராந்தகரிடம் கொடுத்தார். என் பார்வையில் அந்த நாவலின் மொத்தத் திட்டமும் இந்த ஒரு வெட்டில் அடங்கியிருக்கிறது.

அவருக்கு இப்படி முடிவிலிருந்து பின்னோக்கி நடப்பது பழக்கமான வேலையும்கூட. 1941-இல் தொடங்கிய பார்த்திபன் கனவில் நரசிம்மவர்மர் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தையான சக்கரவர்த்தி. அதன் பிறகு எழுதிய சிவகாமியின் சபதத்தில்தான் அவருடைய இளமைக் காலம் வருகிறது. அதாவது, அந்த மனிதர் பின்னாளில் எங்கே, என்னவாக இருப்பார் என்பது அச்சாகி வாசகர் கையில் இருக்கும்போதே, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைக் கல்கி எழுதினார். கதை முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சிவகாமியின் சபதத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்காது.

சரி, திட்டம் இல்லாத இடம் எது? இதையும் சொல்லாவிட்டால் விசாரணை ஒருதலைப்பட்சமாகிவிடும்.

பொன்னியின் செல்வனில் ஒட்டுக்கேட்பவர்கள் மிக அதிகம். முதலில் வரும் கடம்பூர் மாளிகைக் காட்சி அற்புதமானது. நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கிறான். மூடு பல்லக்கில் நந்தினி இருப்பதாக நினைத்தால் உள்ளேயிருந்து மதுராந்தகர் இறங்குகிறார். அந்த மதில்மேல் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது. அங்கே மறைந்து பார்ப்பது கதைக்குத் தேவை. பிறகு போகப் போக எல்லாரும் எல்லா இடத்திலும் ஒளிந்திருக்கிறார்கள். மரத்துக்குப் பின்னால், தூணுக்குப் பின்னால், பாழடைந்த பள்ளிப்படையில், சுரங்கப் பாதையில். யாரைத் தேடி எங்கே போனாலும் அவர் சொல்லிவைத்தாற்போல அங்கேயே அகப்படுகிறார். வாரத் தொடரின் அவசரம் என்று இதை விட்டுவிடலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நாவலில் இரகசியங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு இரகசியத்தையும் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு காது வேண்டியிருக்கிறது. பெரிய முடிச்சுகளைப் பத்திரமாகப் போட்ட கை, சின்ன வழிகளை அந்தந்த வாரத்துக்கு விட்டுவிட்டது. அதனால்தான் சில அத்தியாயங்கள் இன்று படிக்கும்போது சுருதி இறங்குகின்றன. கல்கியிடம் அன்பு உள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது, "கல்கியின் கதைப்பின்னல் விறுவிறுப்பானது" என்று விடைத்தாளில் எழுத வைப்பதைவிட நிச்சயம் பயனுள்ளது.

கல்கி எப்படித் தாளில் குறித்துக்கொண்டார் என்பதை நாம் ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு தொடர்கதைக்காரரின் குறிப்புத்தாள்கள் இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சார்லஸ் டிக்கன்ஸ் மாதத் தொடர்களாக எழுதியவர். அவருடைய பெரிய நாவல்கள் பல, மாதம் 32 பக்கம் என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் வெளிவந்தவை. 1846-இல் தொடங்கிய டாம்பி அண்ட் சன் முதல் ஒவ்வொரு மாத இதழுக்கும் ஒரு தாள் போட்டுக்கொண்டார். தாளில் இரண்டு பாதி. வலப்பக்கம் அத்தியாயத் தலைப்பும் அதில் நடப்பதும். இடப்பக்கம் அவர் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள். இன்ன ஆளை இந்த மாதம் கொண்டு வரலாமா? இன்ன செய்தியை இப்போது சொல்லலாமா? பக்கத்திலேயே அவரே பதிலும் எழுதுவார்: ஆம், இல்லை, இப்போது வேண்டாம்.

இந்த 'இப்போது வேண்டாம்' என்பதை நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் நிரலொழுங்கு வரைபடத்தில் அதற்குப் பெட்டி இல்லை. அங்கே நடப்பவை மட்டும்தான் வரிசையாக வரும். எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம், எத்தனை நாளைக்கு, யார் வாயில் பூட்டு என்பது எதுவும் வராது. பார்க்கப்போனால் அந்த வரைபடம் வாசகனுடையது. படித்து முடித்தவன் திரும்பிப் பார்த்து வரைவது. எழுதுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கதை அப்படி வரிசையாகத் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிந்து வாசகனுக்குத் தெரியாத நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் அவன் பிரச்சினை.

படிவம் நான்கில் ஒரு மாணவி நாவல் எழுதுவதாகச் சொல்லி ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மூடப்பட்ட ஒரு தோட்டம், அங்கிருந்து அடுக்குமாடிக்கு வந்த ஒரு குடும்பம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறந்தநாள், பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, லயத்து வீடுகளின் வரைபடம், ஐந்து பெட்டிகளில் கதைச்சுருக்கம். எல்லாம் இருந்தது. கதை ஒரு வரிகூட இல்லை. "எப்பம்மா எழுதப் போற?" என்றால், "பிளான் இன்னும் முடியல டீச்சர்." பல மாதங்களாக அதே பதில். அதே வகுப்பில் இன்னொருவன் கைப்பேசியிலேயே எட்டு அத்தியாயம் தட்டிவிட்டு, ஒன்பதாவதில் கதாநாயகனை விபத்தில் சாகடித்து, பிறகு அவனே என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டான். இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு சீடப்பிள்ளை!

அந்த மாணவியிடம் பெட்டிகளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "இந்தக் குடும்பத்துல யாருக்கு என்ன தெரியும்? தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாட்டிக்குத் தெரியும் டீச்சர், இழப்பீட்டுக் காசு யாருகிட்ட போச்சுன்னு. சொன்னா பெரியப்பா வீட்டுக்கு வரமாட்டாரு" என்றாள். நோட்டுப் புத்தகத்தில் பாட்டிக்குப் பிடித்த சாப்பாடு கீரை என்று இருந்தது, இது இல்லை. அடுத்த வாரம் பாட்டி பேசாமல் கீரை ஆயும் ஒரு காட்சியை எழுதி வந்தாள். மூன்று பக்கம். பிழைகள் இருந்தன. ஆனால் கதை நகர்ந்தது. படிப்பவனுக்கு அந்தப் பாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது.

எட்டு அத்தியாயக்காரனிடம் இந்தக் கேள்வி பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் கதையில் யாருக்கும் எந்த இரகசியமும் இல்லை. எல்லாம் வெளிப்படையான அடிதடி. அவனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

எல்லா நாவலும் இப்படி இரகசியத்தில் நிற்பதுமில்லை. நம் பக்கத்துக் கதையான ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை எடுத்துக்கொள்ளுங்கள். மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவர் எழுதியது, 1972-இல் நூலாக வந்தது. எந்த இதழுக்கும் வாராவாரம் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்கி, தொங்கானில் பினாங்குக்குக் கடல் கடந்து, போர்க்காலத்து ஊர்களுக்குள் பாண்டியன் அலைந்து திரிகிறான். நடுநடுவே மதுரைத் தெருக்களின் நினைவு, நண்பர்களின் குடிமேசைப் பேச்சு, தமிழ்ப் பெருமைகளைப் பிய்த்து எறியும் நையாண்டி. இதை மலையாக வரைந்தால் எது உச்சம் என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அங்கே கட்டிப்பிடித்து நிறுத்துவது ஊர்களும் ஒரு மனிதனின் அலைச்சலும்தான். சிங்காரத்துக்குத் திட்டம் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். அவருடைய திட்டத்துக்கு நம் கையிலுள்ள அளவுகோல் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வேன். பொன்னியின் செல்வனுக்குச் சொன்னதை இதற்கும் மாட்டப் பார்த்தால் நானும் ஒரு புதுப் பெட்டி செய்த ஆளாகிவிடுவேன்.

கடைசியாக நந்தினி. வரலாறு அமுதனுக்கும் அருள்மொழிக்கும் ஆதித்தனுக்கும் முன்கூட்டியே முடிவு கொடுத்துவிட்டது. நந்தினி முழுக்கக் கற்பனை. அவள் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எந்தக் கல்வெட்டும் கல்கியைக் கட்டுப்படுத்தவில்லை. நாவலில் அதிக உயிரோடு இருப்பவள் அவள்தான், நாவல் முடிக்கத் தெரியாமல் விட்டதும் அவளைத்தான். கடம்பூரில் விளக்கு அணைந்த அறையில் ஆதித்தனைக் கொன்ற கை எது என்பது திட்டவட்டமாகச் சொல்லப்படவில்லை. அதை நான் குறையாக எண்ணவில்லை, கல்வெட்டே முழுக்கதையும் சொல்லவில்லையே. ஆனால் நந்தினி கதையை விட்டு வெளியேறும் விதம் எனக்கு நிறைவு தரவில்லை. அத்தனை பாகம் நம்மைக் கட்டிப்போட்டவள், ஏதோ வேலை முடிந்து கிளம்புகிறவள் போல் போய்விடுகிறாள். தொடர் சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதும், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி யார் யார் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று விளக்கியதும் உங்களுக்குத் தெரியும். பிறகு விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதி அந்தக் கதையைத் தொடர்ந்தார். ஒரு பெரிய எழுத்தாளரே இன்னும் ஒரு நாவல் எழுதும் அளவுக்கு மிச்சம் வைத்திருந்தது பொன்னியின் செல்வன். அது திட்டத்தின் ஓட்டையா, பாத்திரத்தின் பலமா என்பதில் என் முடிவு இன்னும் ஊசலாடிக்கொண்டுதான் இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. முதல் பாகத்தில் 'அமுதனின் அன்னை' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. கதை தெரியாத மாணவர்களிடம் அதை மட்டும் கொடுத்து, இதில் யார் முக்கியமானவர் என்று கேளுங்கள். எல்லாரும் வந்தியத்தேவன் என்பார்கள். பிறகு அமுதன் யார் என்பதைச் சொல்லிவிட்டு, அதே அத்தியாயத்தைப் பென்சிலோடு மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தெந்த வரியின் கீழ்க் கோடு போடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு பாடவேளை போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.